ஒற்றைக் காதால் மிக்ஸ் பண்ணிய ட்ராக்

1. இடது ஸ்பீக்கர்

அன்று காலை ஸ்டூடியோவைத் திறந்து, முதல் நாள் செய்துவைத்த ப்ராஜெக்ட்டைப் போட்டேன். இடது ஸ்பீக்கர் சரியில்லை. சத்தம் முழுதாக நின்றுபோகவில்லை. இடுப்பில் கட்டுகிற சாரத்தால் சுற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியதுபோல மந்தமாகக் கேட்டது.

முதலில் வயரைச் சந்தேகித்தேன். இடது வயரையும் வலது வயரையும் மாற்றிக் குத்தினேன். அப்போதும் இடது பக்கம்தான் மந்தம். அப்படியானால் ஸ்பீக்கரில்தான் பிழை என்று நினைத்து, இரண்டு ஸ்பீக்கர்களையும் தூக்கி இடம் மாற்றி வைத்தேன். நன்றாக இருந்த வலது ஸ்பீக்கர் இப்போது இடது பக்கம் வந்து அதுவும் மந்தமாகிவிட்டது. பழுதென்று நினைத்தது வலது பக்கம் போய்த் தெளிவாகக் கேட்டது.

பிழையைக் கண்டுபிடிக்க எங்கள் தொழிலில் ஒரே வழிதான் இருக்கிறது. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். மாற்றக்கூடிய எல்லாவற்றையும் மாற்றியாயிற்று. மிஞ்சியது நான்தான். கதிரையைத் திருப்பி, ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இப்போது மற்ற ஸ்பீக்கர் மந்தமானது.

பிழை என் இடது காதில் இருந்தது.

நான் சாய்ந்தமருதில் மருந்து விற்கிற ஒரு பாமசிக்கு மேல்மாடியில் ரெக்கோர்டிங் அறை வைத்திருக்கிறேன். ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கிற கடை விளம்பரங்கள், கல்யாண வீடியோவுக்கு வேண்டிய சத்தம், நோன்பு வருவதற்கு முன் பிள்ளைகள் பாடுகிற இஸ்லாமியக் கீதங்கள், இவைதான் என் பிழைப்பு. விளம்பரத்துக்குப் பின்னால் போடுகிற இசையை மற்றவர்களிடமிருந்து எடுக்கக் கூடாது என்பதற்காக மியூசிக் சொப்ட்வெயர் பழகினேன். பழகப் பழக அதிலேயே மனம் விழுந்துவிட்டது. ஐம்பது வயதைத் தாண்டியும் இந்தத் தொழிலை விடவில்லை. இப்போது இதற்குள் வருகிற இளையவர்கள் என்னிடம் சொப்ட்வெயரில் சேர்க்கிற ப்ளகின் பற்றியும் ஸ்பீக்கர் பற்றியும் கேட்கிறார்கள். காதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2. ரிஸ்வான் கேட்ட ட்ராக்

அப்போது கையில் இருந்தது ரிஸ்வானின் வேலை. ரிஸ்வான் பொத்துவில்காரர், முப்பது வயதுக்கு மேல் இராது. கத்தாரில் ஹோட்டல் ஒன்றில் வேலை செய்துவிட்டு ஊருக்கு வந்து, அறுகம்பைப் பக்கம் சுற்றுலா ஹோட்டல் ஒன்றில் ரிசெப்ஷனில் நின்றார். பின்நேரங்களில் அங்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு லெப்டொப்பில் இசை போட்டுக்கொடுப்பார். அந்த வருட சீசன் தொடங்குகிற மாலைக்கு ஹோட்டலின் சொந்தக்காரர்கள் கொழும்பிலிருந்து வருவதாக இருந்தது. சீசன் முழுவதும் இசைக்கு யாரை வைத்துக்கொள்வது என்று அன்றுதான் முடிவு செய்வார்களாம். மற்றவர்களின் ட்ராக்கைப் போடுவதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள், உன்னுடையது என்று ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள்.

அவருக்கு ஹவுஸ் மியூசிக் நன்றாகத் தெரியும். மெட்டும் மனதில் இருந்தது. சொப்ட்வெயர்தான் தெரியாது. யாரோ சொல்லி என்னைத் தேடி வந்தார்.

எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டேன்.

"காக்கா, ஏறிக்கொண்டே போகோணும். ஆனா எந்த இடத்துல ஏறின என்டு ஆளுக்கு விளங்கப்படாது" என்றார். எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம்.

ப்ரொக்ரெசிவ் ஹவுஸ் என்ற இசை வகையை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நிமிடத்துக்கு நூற்றிருபதுக்குக் கொஞ்சம் கூடுதலான வேகத்தில், நெஞ்சில் தட்டுவதுபோல கிக் என்கிற ட்ரம் ஒன்று நிற்காமல் அடித்துக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே பேஸ். கிக் விழுகிற ஒவ்வொரு தடவையும் பேஸ் ஒரு கணம் பதுங்கி வழிவிட வேண்டும். இதற்கு சைட்செயின் என்று பெயர். இதைச் சரியாகச் செய்யாவிட்டால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சேறாகிவிடும். அதற்கு மேலே ஒவ்வொரு ஓசையாகச் சேர்ப்போம். அவசரப்படக் கூடாது. ஒரு சிந்த், அதாவது சிந்தசைசர், ஓசையை அதன் கூர்மையை மறைக்கிற பில்டரால் முழுக்க மூடிவைத்து, இரண்டு நிமிடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்போம். நடுவில் கிக்கை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் அந்தரத்தில் விடுகிற இடம் ஒன்று வரும். அதுதான் ப்ரேக்டவுன். அதற்குப் பிறகு கிக் திரும்ப விழும்போது, ஆடத் தெரியாத ஆளுக்கும் கால் அசைய வேண்டும்.

ரிஸ்வான் முனகிக் காட்டிய நான்கு சுரத்தை சிந்த்தில் வாசித்து வைத்தேன். பொத்துவிலில் மீன் பெட்டிக்குள் ஐஸ் உடைத்துப் போடுகிற சத்தத்தை அவர் போனில் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஷேக்கர் குலுக்குகிற இடத்தில் போட்டேன். நன்றாகப் பொருந்தியது. இருவருக்கும் சந்தோசம்.

தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவர் தன் கதையைச் சொன்னார். மனைவிக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில். கத்தாரில் பழைய இடத்தில் மீண்டும் கூப்பிடுகிறார்கள். இங்கே சீசன் வேலை கிடைக்காவிட்டால் போகத்தான் வேண்டும்.

"மூத்த புள்ள நடக்கப் பழகினதை வீடியோவுலதான் பார்த்தன் காக்கா. ரெண்டாவதையும் அப்பிடிப் பார்க்க ஏலாது."

அதன் பிறகு அதை வெறும் ஓர்டராக நினைத்து வேலை செய்ய என்னால் முடியவில்லை. அந்த வேலை பாதியில் நிற்கும்போதுதான் என் காது போனது.

3. டியூனிங் போர்க்

காதில் ஊத்தை அடைத்திருக்கும் என்று நினைத்தேன். கீழே பாமசியில் ஊத்தையைக் கரைக்கிற துளிமருந்து வாங்கி விட்டுப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. காதுக்குள் ஓயாமல் ஒரு இரைச்சல் வேறு தொடங்கியது, டியூப் லைட் பழுதாகும்போது வருமே, அதைப்போல. வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் என்றொரு பயம்.

என் மனைவி நஸீரா கணித ஆசிரியை. அவளிடம் எதையும் கனகாலம் மறைக்க முடியாது. அடுத்த நாள் குசினியில் என் இடது பக்கம் நின்று கதைத்திருக்கிறாள். நான் பேசாமல் சோற்றைப் பிசைந்துகொண்டு இருந்திருக்கிறேன். சுற்றி வந்து முன்னால் நின்றாள்.

"இஞ்ச பாருங்க, மூணு தரம் கூப்பிட்டன். எந்தக் காது?"

என்ன நடந்தது என்று கேட்கவில்லை. எந்தக் காது என்றுதான் கேட்டாள். சொன்னேன்.

அன்று பின்நேரம் அவளுடைய மூத்த சகோதரர் அமீன் மச்சான் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், ஆனால் என் தொழில் அவருக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. கீதம் ரெக்கோர்ட் பண்ணுவதுவரை பொறுத்துக்கொள்வார். பொத்துவில் ஹோட்டலுக்கு ஆடுகிற மியூசிக் செய்கிறேன் என்பது அவர் காதுக்கு எட்டியிருந்தது. "அல்லாஹ் காட்டித்தாறான் மச்சான். விளங்கிக்கொள்ளுங்க" என்றார்.

அதே எண்ணம் எனக்குள்ளும் வந்து போயிருந்தது. நஸீரா தேநீரை அவருக்கு முன்னால் வைத்துவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"காக்கா, போன வருசம் உங்களுக்கு முழங்கால் புடிச்சிச்சு. எங்க நடந்து போய் இப்பிடி வந்திச்சு என்டு நாங்க கேட்டமா? மருந்துதானே எடுத்துத் தந்தம்."

மச்சான் தேநீரைக் குடித்து முடித்தார். போகும்போது வாசலில் நின்று, காலையில் எத்தனை மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்கள் என்று கேட்டார். விடிந்ததும் அவருடைய வேன் எங்கள் கேற்றுக்கு முன்னால் நின்றது.

கல்முனையில் காது, மூக்கு, தொண்டை டொக்டர் ஒரு பெண்மணி. லைட்டை வைத்து இரண்டு காதுக்குள்ளும் பார்த்தார். பிறகு தட்டினால் ஒரே சுரத்தில் ஒலிக்கிற ஒரு டியூனிங் போர்க்கைத் தன் முழங்கையில் தட்டி, அதன் காலை என் நெற்றியின் நடுவில் வைத்தார். எந்தப் பக்கம் கேட்கிறது என்று கேட்டார்.

டியூனிங் போர்க் எனக்குப் புதிதல்ல. இதில் எனக்குத் தெரிந்த விசயம் ஒன்று இருக்கிறது. ஒரு காதை விரலால் பொத்திக்கொண்டு முனகிப் பாருங்கள், பொத்திய பக்கம்தான் சத்தம் கூடுதலாகக் கேட்கும். ஊத்தை அடைத்த காதும் அப்படித்தான். ஆகவே இடது பக்கம் கேட்க வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். வலது பக்கம்தான் கேட்டது. இது ஊத்தை இல்லை என்பது டொக்டர் சொல்வதற்கு முன்னமே எனக்கு விளங்கிவிட்டது.

"காதுக்குள்ள ஊத்தை இல்ல" என்றார் டொக்டர். "உள்காதில, நரம்புப் பக்கம் பிரச்சினை. சில நேரம் ஒரு காரணமும் இல்லாம திடீரென்டு இப்பிடி வரும். முதல் நாளே வந்திருக்கலாம். ஆனா பிந்தல்ல."

கேட்கும் அளவைச் சோதிக்க ஒரு சிறிய அறைக்குள் உட்காரவைத்தார்கள். இடது காதின் கோடு தாளில் கீழே கீழே போனது. டொக்டர் என் சீனி வருத்தம், பிரஷர் பற்றியெல்லாம் விசாரித்துவிட்டு ஸ்டெரொயிட் குளிசை எழுதினார். திரும்ப வருமா என்று நஸீரா கேட்டாள்.

"சிலருக்கு முழுசா வரும். சிலருக்குக் கொஞ்சம் வரும். சிலருக்கு வராது. இப்பவே சொல்ல ஏலாது, சொன்னா பொய்."

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. பயமாகவும் இருந்தது. வேலை செய்யலாமா என்று கேட்டேன். நல்ல காதைப் பாதுகாக்கச் சொன்னார். சத்தத்தை நன்றாகக் குறைத்து வேலை செய்யலாம், ஹெட்போனைத் தொடவே கூடாது.

4. மூன்று காது

வீட்டுக்கு வந்து ரிஸ்வானுக்குக் கோல் எடுத்தேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். ஸ்டீரியோவில் மிக்ஸ் பண்ணுகிற ஆளுக்கு ஒரு காது இல்லையென்றால் வேலை நடக்காது, ப்ராஜெக்ட் பைல் எல்லாவற்றையும் தந்துவிடுகிறேன், கொழும்பில் வேறு ஆளைப் பாருங்கள் தம்பி என்றேன். சரி காக்கா என்று வைத்துவிட்டார்.

அடுத்த நாள் பத்து மணிபோல ஸ்டூடியோப் படியில் காலடி கேட்டது. ரிஸ்வான் பொத்துவிலிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். கையில் ஒரு பை தோடம்பழம், நோயாளியைப் பார்க்க வருவதுபோல.

"பைலை எடுக்க வந்தீங்களா?" என்றேன்.

"இல்ல காக்கா. உங்களுக்கு ஒரு காது இரிக்கு. எனக்கு ரெண்டு. மூணு காது போதாதா?"

நான் சிரித்தேன். காது போன பிறகு சிரித்தது அதுதான் முதல் தடவை.

அன்று எங்கள் வேலை முறையை மாற்றினோம். எல்லா ஓசையும் ஒன்றுசேர்கிற மாஸ்டர் சனலில் மொனோ பட்டனை அமுக்கினேன். மொனோ என்றால் இடது, வலது என்ற பிரிவே இல்லை. எல்லாம் நடுவில் ஒன்றாகக் கேட்கும். ஒரு காதுக்கு அது போதும். ஒரு ஸ்பீக்கரை மட்டும் விட்டு மற்றதை ஓப் பண்ணினேன். சத்தத்தை, பக்கத்தில் இருப்பவர் சாதாரணமாகக் கதைத்தால் விளங்குகிற அளவுக்குக் குறைத்தேன்.

மொனோவில் போட்டதும் முதல் அதிர்ச்சி. ட்ராக்கின் உயிராக இருந்த அந்த நான்கு சுர சிந்த் காணாமல் போய்விட்டது. அகலமாகக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டு அதில் ஒரு ஸ்டீரியோ வைட்னர் போட்டிருந்தேன். இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று எதிராக ஓடி, ஒன்றாகச் சேரும்போது ஒன்றையொன்று அழித்துவிட்டன. இரண்டு காதோடு வேலை செய்திருந்தால் இதை நான் பார்த்திருக்கவே மாட்டேன். வைட்னரைக் கழற்றிவிட்டு அந்த சிந்த்தை அடியிலிருந்து மறுபடி கட்டினேன்.

பேஸ் இன்னும் சிரமம். குறைந்த சத்தத்தில் பேஸை நம்ப முடியாது. ஓசையின் உயரத்தைக் கோடாகக் காட்டுகிற அனலைசரைத் திறந்துவைத்து, கிக் எங்கே நிற்கிறது, பேஸ் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்த்தேன். ஒன்று உயர்கிற இடத்தில் மற்றதைக் குறைத்தேன். பிறகு ரிஸ்வானிடம் கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, கிக் இப்போது தனியாகத் தெரிகிறது என்றார். சில இடங்களில் நான் சரியென்றதை அவர் பிழையென்றார். முன்பென்றால் வாதாடியிருப்பேன். அந்தக் கிழமை முழுவதும் அவர் சொன்னதைக் கேட்டு மாற்றினேன், பல இடங்களில் அவர் சொன்னதுதான் சரி.

ஐஸ் உடைக்கிற சத்தத்தை மட்டும், கொஞ்ச நேரம் மொனோவை எடுத்து இரண்டு ஸ்பீக்கரையும் போட்டு, கொஞ்சம் வலதுக்கும் இடதுக்கும் பிரித்துப் போட்டோம். அதை அவர்தான் முழுக்கத் தன் காதால் வைத்தார். நான் மௌஸைப் பிடித்துக்கொண்டு இருந்தேன், அவ்வளவுதான்.

ஒரு பின்நேரம் நஸீரா பாடசாலை விட்டு வரும் வழியில் என் குளிசையைக் கொண்டுவந்தாள். அவளையும் உட்காரவைத்து முழு ட்ராக்கையும் போட்டுக் காட்டினோம். இந்த வகை இசை அவள் கேட்பதில்லை. பாடசாலை பேக்கை மடியில் வைத்தபடி ஏழு நிமிடத்தையும் கேட்டாள். எப்படி என்று ரிஸ்வான் கேட்டார்.

"ஒரே மாதிரித்தான் போகுது தம்பி. ஆனா நடுவுல எல்லாத்தையும் நிப்பாட்டுறீங்கதானே, அதுல எனக்கு மூச்சும் நிண்டிட்டு. திரும்பத் தொடங்கினதுக்குப் பொறகுதான் விட்டன்."

ரிஸ்வான் என்னைப் பார்த்தார். ப்ரேக்டவுனைக் குறைக்கலாமா என்று இரண்டு நாளாக இழுபறிப்பட்டுக்கொண்டு இருந்தோம். அதற்குப் பிறகு அதில் கைவைக்கவில்லை.

வேலை நடந்ததே தவிர என் மனம் நிம்மதியாக இருக்கவில்லை. இப்போது இருக்கிற காதும் போனால் என்ன செய்வேன் என்ற யோசனைதான். ஓட்டோ விளம்பரத்துக்கு நான் குரல் கொடுக்கலாம், ஆனால் கேட்டுச் சரிபார்க்க முடியாது. பிள்ளைகள் கீதம் பாட வந்தால் சுருதி விலகுவதைச் சொல்ல முடியாது. எனக்கு வேறு தொழில் தெரியாது. வீதியில் நடக்கும்போது பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள் எந்தப் பக்கம் வருகிறது என்று தெரியாமல் ஓரத்தில் ஒதுங்கி நின்றேன். இரண்டு காது இருப்பது திசை தெரியத்தான் என்பது அப்போதுதான் விளங்கியது.

5. பள்ளிவாசல் பைப்படியில்

ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போனேன். பைப்படியில் உட்கார்ந்து வுழூச் செய்துகொண்டிருந்தேன். முகம், கை கழுவி, தலையைத் தடவி, ஈர விரல்களால் இரண்டு காதையும் துடைத்தேன். ஒவ்வொரு தொழுகைக்கும் செய்வதுதான். அந்தக் கிழமைகளில் வலது காதைத் துடைக்கும்போது விரல் உரசுகிற சத்தம் கேட்கும், இடது காதில் விரல் படுவது மட்டும் தெரியும்.

அன்று இடது காதிலும் சரசரவென்று ஒரு சத்தம்.

மறுபடி துடைத்தேன். கேட்டது. மெல்லிய சத்தம்தான், காய்ந்த இலையைத் தொடுவதுபோல. வலது காதைக் கையால் இறுகப் பொத்திக்கொண்டு இடது பக்கத்துப் பைப்பைத் திறந்தேன். தண்ணீர் சீமெந்தில் விழுகிற சத்தம் தூரத்திலிருந்து வருவதுபோல வந்தது. மூடினேன், நின்றது. திறந்தேன், வந்தது. எத்தனை தடவை திறந்து மூடினேனோ தெரியாது.

"காக்கா, முடிஞ்சா எழும்புங்களன், ஜமாஅத்து தொடங்கப் போகுது" என்றார் பின்னால் நின்றவர்.

அதையும் இடது காதால்தான் கேட்டேன், வலது காதில் கை அப்படியே இருந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழும்பினேன். தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்துச் சஜ்தாவில் போனபோது தலையைத் தூக்க மனம் வரவில்லை.

வீட்டுக்குப் போனபோது நஸீரா மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டு இருந்தாள். அவளுக்கு வலது பக்கம் போய் நின்று, என் வலது காதைப் பொத்திக்கொண்டு இடது காதைக் காட்டி, ஏதாவது சொல்லு என்றேன். அவள் பேனையை மூடி வைத்துவிட்டு மெதுவாக, "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். நான் திருப்பிச் சொன்னேன். அதன் பிறகு அவள் விடைத்தாளைத் தொடவில்லை. அமீன் மச்சானுக்குப் போன் பண்ணினாள்.

6. சுருதி விலகிய சிந்த்

காது வரத் தொடங்கியதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்து, அடுத்த நாள் மொனோ பட்டனை எடுத்துவிட்டு இரண்டு ஸ்பீக்கரிலும் ட்ராக்கைப் போட்டேன். சிந்த்தின் சுருதி விலகியிருந்தது. நான்கு சுரமும் இரண்டாகப் பிளந்ததுபோல, ஒன்று சரியான இடத்திலும் மற்றது அதற்குக் கொஞ்சம் பக்கத்திலும் கேட்டது. இவ்வளவு நாளும் ஒற்றைக் காதால் கேட்டுப் பிழையாகச் செய்துவிட்டேன், ட்ராக்கே நாசம் என்று நினைத்தேன். சீசன் தொடங்குகிற மாலைக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது.

சிந்த்தின் ட்யூனிங்கை மாற்றுவதற்குக் கையை வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த ரிஸ்வான் என் கையைப் பிடித்தார். தனக்கு அது சரியாகத்தான் கேட்கிறது என்றார். டியூனர் ப்ளகினைப் போட்டுப் பார்த்தோம். முள் நடுவில் அசையாமல் நின்றது. வலது காதை மட்டும் வைத்துக் கேட்டேன், சரி. இடது காதை மட்டும் வைத்துக் கேட்டேன், அதே சுரம் வேறு இடத்தில் கேட்டது.

கிளினிக் நாளில் டொக்டரிடம் சொன்னேன். அவர் முதன்முறையாகச் சிரித்தார். காது திரும்பி வரும்போது சிலருக்கு இப்படித்தான் இரண்டு காதும் ஒரே சுரத்தை வெவ்வேறாகக் கேட்கும், கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்றார். மறுபடி சோதித்த தாளில் கோடு மேலே ஏறியிருந்தது. முழுதாக அல்ல. மிக உயர்ந்த மெல்லிய ஓசைகள் இருக்கிற பக்கம் இன்னும் பள்ளமாகத்தான் இருந்தது. ஆனால் கதைப்பதும் பாடுவதும் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது.

கேட்கும்போது என் காதை உறுத்திய சிந்த்தில் கைவைக்காமல், டியூனரையும் ரிஸ்வானையும் நம்பி அப்படியே மாஸ்டர் பண்ணிக் கொடுத்தேன். என் தொழிலில் எனக்குப் பிழையாகக் கேட்ட ஒன்றைச் சரியென்று ஒப்படைத்தது அந்த ஒரு தடவைதான்.

7. பொத்துவிலில்

சீசன் தொடங்குகிற மாலைக்கு நானும் போனேன். நஸீரா வரவில்லை. அந்த இடம் தனக்குச் சரிவராது, நீங்கள் போய் உங்கள் வேலையைக் கேட்டுவிட்டு வாருங்கள் என்றாள். காதுக்கு வைக்கிற பஞ்சு அடைப்பான் இரண்டைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டாள்.

வெயில் தாழ்கிற நேரம். மணலில் பலகை அடித்து மேடை போட்டிருந்தார்கள். ரிஸ்வான் மற்றவர்களின் ட்ராக்குகளைப் போட்டுக்கொண்டிருந்தார். அவற்றில் சில எனக்கு நன்றாகத் தெரிந்தவை. கேட்டபோது ஏதோ குறைந்தது. சில ஓசைகள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. மேடைக்குப் பின்னால் போய், ஸ்பீக்கர் கொண்டுவந்த ஆளிடம் வயரை எப்படிக் கொடுத்திருக்கிறார் என்று கேட்டேன்.

"மொனோதான் அண்ணே. இவ்வளவு அகலத்துக்கு ஆள் நிக்கும்போது ஒரு பக்கத்து ஆளுக்கு ஒரு பக்கம் மட்டும்தானே கேக்கும். எங்கயும் இப்பிடித்தான் குடுக்கிற" என்றார்.

வைட்னர் போட்ட அந்தப் பழைய சிந்த்தைக் கொண்டுவந்திருந்தால், இந்த ஸ்பீக்கரில் ட்ராக்கின் மெட்டே கேட்டிருக்காது. வெறும் கிக்கும் பேஸும் ஐஸும்தான் ஓடியிருக்கும். கொழும்பிலிருந்து வந்தவர்கள் முன்வரிசையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பொழுது பட்டதும் மஃரிப் தொழுகைக்கு அழைக்கிற பாங்குக்கு ரிஸ்வான் இசையை நிற்பாட்டினார். சிலர் தொழப் போனோம். திரும்பி வந்து கொஞ்ச நேரத்தில் எங்கள் ட்ராக்கைத் தொடங்கினார்.

கிக் வந்தது. ஐஸ் வந்தது. பேஸ் கிக்குக்கு வழிவிட்டு வழிவிட்டு ஓடியது. சிந்த் மூடிய கதவுக்குப் பின்னால் இருப்பதுபோலத் தொடங்கி, யாரும் கவனிக்காமல் திறந்துகொண்டு வந்தது. அடைப்பானை வைத்துக்கொண்டு நான் இடது ஸ்பீக்கருக்கு முன்னால் நடந்தேன், வலது பக்கம் நடந்தேன், பின்னால் தென்னைகளுக்குக் கிட்டப் போய் நின்றேன். எல்லா இடத்திலும் மெட்டு இருந்தது. ப்ரேக்டவுனில் கதைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். கிக் திரும்பி விழுந்தபோது ஆட்கள் எழும்பினார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு வயதான மனிதர் எழும்பவில்லை, ஆனால் செருப்பால் மணலைத் தட்டிக்கொண்டு இருந்தார்.

அவர்தான் மூத்த சொந்தக்காரர் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கே ரிஸ்வானைக் கூப்பிட்டுச் சீசன் முழுவதும் அவரே செய்யட்டும் என்று சொல்லிவிட்டார். ரிஸ்வான் என்னிடம் வந்தார். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மனைவிக்குப் போன் எடுக்க ஒதுங்கிப் போனார். கத்தாருக்கு அவர் போகவில்லை.

8. அதே நாளில்

இப்போதும் நான் முதலில் மொனோவில்தான் மிக்ஸ் பண்ணுகிறேன். சத்தத்தைக் குறைத்துத்தான் வேலை செய்கிறேன். உயர்ந்த ஓசைகளை என் காது மட்டும் முடிவு செய்ய விடுவதில்லை, அனலைசரைப் பார்ப்பேன், இன்னொருவரைக் கேட்பேன். இவற்றை யாரும் எங்கேயும் படித்துத் தெரிந்துகொள்ளலாம். படித்துத் தெரியாத ஒன்றைத்தான் கடைசியில் சொல்ல வந்தேன்.

போன வருடம் மருதமுனையிலிருந்து ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிற நண்பர் ஒருவர் போன் பண்ணினார். ஒரு மைக்கைத் திருத்தித் தரும்படி கேட்க எடுத்தவர், பேச்சோடு பேச்சாக, காலையிலிருந்து வலது காது அடைத்துக்கொண்டு இருக்கிறது, எண்ணெய் காய்ச்சி விடப் போகிறேன் என்றார். எண்ணெயைத் தொட வேண்டாம், அங்கேயே நில்லுங்கள் என்றேன். ரெக்கோர்டிங்குக்கு வந்திருந்தவர்களிடம் பின்நேரம் வரும்படி சொல்லி ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு, மோட்டார் சைக்கிளில் போய் அவரை ஏற்றினேன். வழி நெடுக அவர் இது சின்ன விசயம், சும்மா அலைக்கழிக்கிறீர்கள் என்று பின்னால் இருந்து ஏசிக்கொண்டு வந்தார்.

அதே டொக்டர். அதே டியூனிங் போர்க். நெற்றியில் வைத்ததும் நண்பர் இடது கையைத் தூக்கிக் காட்டினார், நல்ல காதின் பக்கம். டொக்டர் என்னைப் பார்த்துவிட்டு அவரிடம் கேட்டார், எப்போதிருந்து என்று. இன்று காலையிலிருந்து என்றார் நண்பர்.

"இண்டைக்கே வந்தது நல்லம்" என்றார் டொக்டர்.

அன்றே குளிசை தொடங்கிய நண்பரின் காது ஒரு குறையும் இல்லாமல் முழுதாகத் திரும்பி வந்தது.